தானியங்கித் தணிக்கைச் சேவையில் நம் நூலகத்தைச் சேர்க்கப் போகிறோம்: என்ன விதிகள் வைக்கலாம்?

கயல்_நூலகம்

எல்லோருக்கும் வணக்கம். மின்னூல் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு சி நூலகத்தை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். எம்ஐடி என்ற திறந்த மூல உரிமம், ரெப்போ (கோட் இருக்கும் களஞ்சியம்) எல்லோருக்கும் திறந்ததுதான். கோட் ஒரு லட்சம் வரியைத் தாண்டவில்லை. யாரோ எங்கிருந்தோ அனுப்பும் கோப்பைத் திறந்து படிப்பதுதான் இதன் முழு வேலை. ஒரு இடத்தில் நீளம் தப்பாகப் போனாலும் அது பாதுகாப்புப் பிரச்சினை ஆகிவிடும். அதனால் கோடை ஓட்டாமலே அலசிக் குறைகளைக் கண்டுபிடிக்கும் கவரிட்டி ஸ்கேன் சேவையில் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அதற்கு முன் பங்களிப்பாளர்களுக்கு ஒரு பக்க விதிமுறை எழுதி ரெப்போவில் வைக்க ஆசை. இப்போதைக்கு என் வரைவு இது: பதிவும் பதிவேற்றமும் மெயின்டெய்னர்கள் (பராமரிக்கும் நாங்கள் மூவர்) கையில். கண்டுபிடிக்கப்பட்ட குறைகளின் பட்டியலை யாரும் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் ஓர் எச்சரிக்கையை எடுத்துச் சரிசெய்து புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பலாம். எச்சரிக்கை எண்ணிக்கை பூஜ்யம் ஆகும்வரை அடுத்த வெளியீடு கிடையாது.

இதில் எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள். நடைமுறையில் அனுபவம் இருப்பவர்கள் விரிவாக எழுதினால் இன்னும் நல்லது.

சண்முகம்_சி

நல்ல முடிவு, கயல். உங்கள் விதிகளுக்குப் போகும் முன், சேவையின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பலர் அதைப் படிக்காமலே பதிவு செய்துவிட்டு அப்புறம் "பில்டு நிராகரிக்கப்பட்டது" என்று வந்து நிற்கிறார்கள்.

கவரிட்டி ஸ்கேன் 2006-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து திறந்த மூலத் திட்டங்களுக்காகத் தொடங்கியது. 2014-ல் கவரிட்டி நிறுவனம் சினாப்சிஸ் கைக்குப் போனது. 2024-ல் அந்தப் பிரிவு பிரிந்து இப்போது பிளாக் டக் என்ற பெயரில் இருக்கிறது. திறந்த மூலத் திட்டத்துக்கு இலவசம். அலுவலகத்தின் மூடிய கோடைத் திறந்த மூலம் போலக் காட்டி உள்ளே நுழைக்கக் கூடாது. பதிவு செய்பவருக்கும் அந்தத் திட்டத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள்.

அடுத்து, அளவுக் கட்டுப்பாடு. 1 லட்சம் வரிக்குக் குறைவான திட்டம் என்றால் வாரத்துக்கு 28 பில்டு (கோடைக் கம்பைல் செய்து அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு பில்டு), ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை வாரத்துக்கு 21, நாளைக்கு 3. 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 14, நாளைக்கு 2. 10 லட்சத்தைத் தாண்டினால் நாளைக்கு ஒன்றே ஒன்று. அதனால் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ரெப்போவில் சேரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும்) இதை ஓட்டும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ராத்திரி ஒருமுறை ஓடுகிற மாதிரி, இதற்கென்று தனிக் கிளை வைத்தால் போதும்.

வேலை செய்யும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கணினியில் பில்டு நடக்கும்போதே அவர்களுடைய கட்டளை கூடவே நின்று, கம்பைலருக்குப் போகும் ஒவ்வொரு கோப்பையும் பிடித்து ஓர் அடைவில் சேர்க்கும். அந்த அடைவைச் சுருக்கி, திட்டத்தின் டோக்கனோடு (அனுமதிச் சாவி) பதிவேற்ற வேண்டும். அலசல் அவர்கள் சர்வரில் நடக்கும். அதாவது கம்பைல் ஆன கோட் முழுக்க வெளியே போகிறது. கம்பைல் ஆகாத கோட் போவதே இல்லை. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸுக்கு மட்டும் எழுதிய பகுதியை லினக்ஸில் பில்டு செய்து அனுப்பினால் அந்தப் பகுதியை யாரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். எந்த அமைப்புகளோடு பில்டு செய்தோம் என்பதை உங்கள் விதிமுறையில் கட்டாயம் எழுதி வையுங்கள்.

தேன்மொழி

ஒரு சின்னக் கேள்வி. கிட்ஹப்பில் இருந்தால் அதன் அலசல் கருவியான கோட்க்யூஎல் இன்னும் சுலபம் இல்லையா? பதிவேற்றம், டோக்கன் எதுவும் வேண்டாமே.

சண்முகம்_சி

பொது ரெப்போவுக்கு அதுவும் இலவசம்தான், தாராளமாக வைக்கலாம். இரண்டும் வெவ்வேறு குறைகளைப் பிடிக்கும், ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

ஆனால் உரிமத்தைப் படியுங்கள். கோட்க்யூஎல் வினவல்கள் (குறையைத் தேடும் விதிகள்) திறந்த மூலம். அவற்றை ஓட்டும் எஞ்சின் அப்படி இல்லை. திறந்த மூலக் கோடுக்கும் கல்வி ஆராய்ச்சிக்கும் அனுமதி உண்டு. தனியார் ரெப்போவில் தானியங்கியாக ஓட்ட வேண்டும் என்றால் பணம் கட்டிய உரிமம் வேண்டும். வீட்டில் பழகிய கருவி என்று அலுவலக பில்டில் தூக்கிப் போடுகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். செம்கிரெப் என்ற இன்னோர் அலசல் கருவியிலும் இப்படி ஒன்று நடந்தது. 2024 டிசம்பரில் அதன் விதித் தொகுப்புகளின் உரிமம் மாறியது. அதை ஏற்காத சில நிறுவனங்கள் சேர்ந்து 2025 ஜனவரியில் ஓப்பன்கிரெப் என்று தனியாகப் பிரித்துக்கொண்டு போயின. கருவியின் உரிமம், கருவிக்குள் போடும் விதிகளின் உரிமம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

புதுக்கை_மாணவன்

கயல் அக்கா, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திறந்த மூலத்தில் பங்களிக்க ரொம்ப நாளாக ஆசை. உங்கள் வரைவில் "யார் வேண்டுமானாலும் எச்சரிக்கையை எடுத்துச் சரிசெய்யலாம்" என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முழுக் கோடும் புரியாவிட்டாலும் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துச் சரிசெய்யலாமே. என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல நுழைவாயில்.

இரா_செழியன்

தம்பி, உன் ஆர்வம் நல்லது. ஆனால் "முழுக் கோடும் புரியாவிட்டாலும் அந்த ஒரு வரி" என்கிறாய் பார், கயல் விதிமுறையில் முதலில் தடுக்க வேண்டியது அதைத்தான். ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் அடிக்கடி தரும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு பாயிண்டரை (மெமரி முகவரியைச் சுட்டும் மாறி) முதல் வரியில் பயன்படுத்தியிருப்போம். இரண்டு வரி கழித்து அது 'நல்' (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) தானா என்று சோதித்திருப்போம். அந்தப் பாயிண்டர் உண்மையில் எப்போதாவது நல் ஆகுமா என்பது கருவிக்குத் தெரியாது. அது சொல்வது இவ்வளவுதான்: இதை எழுதியவர் ஓரிடத்தில் நல் ஆகாது என்று நம்புகிறார், இன்னோர் இடத்தில் ஆகலாம் என்று நம்புகிறார், இரண்டில் ஒன்று தவறு. கவரிட்டி வளர்ந்ததே ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரும் அவர் மாணவர்களும் பிடித்த இந்த யோசனையிலிருந்துதான்.

இப்போது இந்த எச்சரிக்கையை வாயடைக்க இரண்டு வழி. சோதனையை மேலே கொண்டுபோகலாம். இல்லை, சோதனையையே நீக்கிவிடலாம். எதைச் செய்தாலும் எச்சரிக்கை போய்விடும், பட்டியலில் ஓர் எண் குறையும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

2009-ல் லினக்ஸ் கெர்னலின் டன் டிரைவரில் (மெய்நிகர் நெட்வொர்க்குக்கான பகுதி) நடந்ததைப் பார். பாயிண்டருக்குள்ளே இருந்த ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பாயிண்டர் 'நல்' தானா என்று சோதித்தார்கள். "ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்கள், அப்படியானால் நல் ஆக முடியாது" என்று ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையைத் தானே நீக்கிவிட்டது. கோடில் பாதுகாப்புச் சோதனை கண்ணுக்குத் தெரிகிறது, ஓடும் கெர்னலில் அது இல்லை. அதை வைத்து ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் பெறும் வழியை ஒருவர் வெளியிட்டார். சிவிஇ-2009-1897 என்ற குறை எண்ணைத் தேடினால் கிடைக்கும். சரியான திருத்தம் என்ன? மதிப்பை எடுக்கும் வரியைச் சோதனைக்குக் கீழே கொண்டுவருவது. ஒரு வரி இடம் மாறினால் போதும். ஆனால் அந்தப் பாயிண்டர் எங்கிருந்து வருகிறது, எப்போது நல் ஆகும் என்று தெரிந்தவர்தான் இதுதான் சரி என்று சொல்ல முடியும். தெரியாதவர் சோதனையை நீக்கியிருந்தால், கம்பைலர் செய்த அதே வேலையைக் கையால் செய்திருப்பார்.

அதனால் என் யோசனை: எச்சரிக்கையைச் சரிசெய்யும் ஒவ்வொரு கமிட்டிலும், இது எந்த வழியாக நடக்கும், நடந்தால் என்ன ஆகும் என்று இரண்டு வாக்கியம் கட்டாயம். "கவரிட்டி சொன்னது" என்பதைக் காரணமாக ஏற்கக் கூடாது.

நிலாமுற்றம்

செழியன் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த இரண்டு வாக்கியத்தை எழுதத் தெரிந்தவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் இருப்பவர்களுக்கு எழுதத் தெரியாது. மூன்று பேர் பராமரிக்கும் திட்டத்தில் விதியை இவ்வளவு இறுக்கினால் பட்டியல் அப்படியே தூங்கும். திறந்த கோப்பை மூடாமல் திரும்புவது, விடுவிக்காத மெமரி போன்றவற்றைச் சரிசெய்ய யாருக்கும் ஆராய்ச்சி தேவையில்லை.

இரா_செழியன்

எளிமையானவை இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஃபங்ஷனில் கோப்பைத் திறக்கிறோம், அடுத்து மெமரி கேட்கிறோம், கிடைக்கவில்லை, அங்கேயே திரும்பிவிடுகிறோம், கோப்பு மூடப்படவில்லை. இதை மாணவர் செய்யட்டும். ஆனால் அங்கும் அந்த இரண்டு வாக்கியம் எழுதலாமே: "மெமரி கிடைக்காதபோது இந்த வழியில் திரும்புகிறது. கோப்பு திறந்தபடியே நிற்கிறது." புரிந்தால் எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

டெபியன் லினக்ஸ் கதையை நினைத்துப் பாருங்கள். குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் தொடக்க மதிப்பு கொடுக்காத மெமரியைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி எச்சரித்தது. 2006-ல் டெபியன் தொகுப்பில் அதற்குக் காரணமான வரிகளை எடுத்தார்கள். எடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை, ஓப்பன்எஸ்எஸ்எல் அஞ்சல் பட்டியலில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகள். ஒன்றை எடுத்ததில் பாதிப்பில்லை. மற்றதுதான் சீரற்ற எண்களுக்கான மூலத்தையே உள்ளே சேர்க்கும் வரி. அதுவும் போன பிறகு மிஞ்சியது கிட்டத்தட்ட ஓடும் நிரலின் பிராசஸ் எண் மட்டும், அது அதிகபட்சம் 32,768. 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை அந்தத் தொகுப்புகளில் உருவான எஸ்எஸ்எச் (தொலைக் கணினி நுழைவு) சாவிகளை எல்லாம் யாரும் உட்கார்ந்து பட்டியல் போட்டுவிடலாம் என்ற நிலை. எச்சரிக்கை பொய்யில்லை, கருவி பார்த்ததைச் சொன்னது. அந்த வரி அங்கே ஏன் இருக்கிறது என்பதை அது சொல்லாது, சொல்லவும் முடியாது.

வடமராட்சி

இந்த உதாரணம் கயலின் கடைசி விதிக்கும் பொருந்தும். "பூஜ்யம் ஆகும்வரை வெளியீடு இல்லை" என்று எழுதினால், வெளியீட்டுக்கு முந்தின இரவு மூன்று பேரும் உட்கார்ந்து மிச்சமிருக்கிற எல்லாவற்றையும் "போலி எச்சரிக்கை" என்று குறித்துத் தள்ளிவிடுவீர்கள். நல்லவர்கள் செய்யமாட்டார்கள் என்று இல்லை, காலக்கெடு யாரையும் செய்ய வைக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எண்ணிக்கையை மேலாளரின் மாத அறிக்கையில் போட்டார்கள். அதன் பிறகு எண்ணிக்கை வேகமாக இறங்கியது, கோடில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

பூஜ்யத்துக்குப் பதிலாகப் "புதிதாக எதுவும் சேரக் கூடாது" என்று வையுங்கள். முதல் அலசலில் வருவது பழைய கடன், அது பொறுமையாகத் தீரட்டும். இன்று எழுதிய கோடில் வரும் எச்சரிக்கையை இன்றே பார்க்க வேண்டும், எழுதியவருக்கு இன்னும் நினைவிருக்கும்.

கயல்_நூலகம்

வடமராட்சி சொல்வது சரியாகப் படுகிறது. பூஜ்ய விதியை எடுத்துவிடுகிறேன். ஆனால் போலி எச்சரிக்கைகளை எப்படிக் கையாள்வது? யார் அப்படிக் குறிக்கலாம்?

சண்முகம்_சி

தளத்திலேயே ஒவ்வொன்றையும் வகைப்படுத்தலாம்: பக், வேண்டுமென்றே செய்தது, போலி, இன்னும் பார்க்கவில்லை. "போலி"யையும் "வேண்டுமென்றே செய்தது" என்பதையும் கலக்க வேண்டாம். முன்னதில் கருவி சொல்வது நடக்கவே நடக்காது. பின்னதில் நடக்கும், நமக்குத் தெரிந்தே அப்படி எழுதியிருக்கிறோம். எதைக் குறித்தாலும் காரணத்தை அங்கேயே எழுத வேண்டும், இரண்டாவது மெயின்டெய்னர் ஒருவர் படித்து ஒப்ப வேண்டும். காரணம் இல்லாத "போலி" அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது.

ஒரே மாதிரி போலிகள் நிறைய வந்தால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் நூலகத்தில் பிழை வந்தால் நிரலையே நிறுத்தும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வையுங்கள். அது திரும்பி வராது என்பது கருவிக்குத் தெரியவில்லை என்றால் அதைத் தாண்டியும் கோட் ஓடும் என்று நினைத்து, நூறு இடத்தில் எச்சரிக்கும். "இந்த ஃபங்ஷன் திரும்பாது" என்று ஒரு சிறிய மாதிரிக் கோப்பில் எழுதிச் சேவையில் ஏற்றிவிட்டால் அத்தனையும் போய்விடும். பைத்தான் மொழியை இயக்கும் சிபைத்தான் திட்டம் இதற்கென்றே ஒரு சி கோப்பைத் தன் ரெப்போவில் வைத்திருந்தது, அதைத் தேடிப் பாருங்கள்.

இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது. கவரிட்டியைக் கட்டியவர்களே 2010-ல் எழுதியிருக்கிறார்கள்: போலி எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினால் மக்கள் கருவியையே கண்டுகொள்வதில்லை. அப்படி ஆனபின் உண்மையான எச்சரிக்கையும் அந்தக் குப்பையோடு போய்விடும்.

நிலாமுற்றம்

சரி, அடுத்து பட்டியலை எல்லோரும் பார்க்கலாம் என்ற விதி. அதை நான் ஆதரிக்கிறேன். கோட் திறந்தது, பக் பட்டியல் திறந்தது, இது மட்டும் ஏன் மூடி இருக்க வேண்டும்? அதே கருவியைத் தீய எண்ணத்தோடு ஒருவர் தன் கணினியில் ஓட்டிக்கொள்ளலாமே. மறைப்பதால் பயனர்களுக்குத்தான் தெரியாமல் போகிறது.

தேன்மொழி

கொள்கையாகச் சரி. ஆனால் இது மின்னூலைத் திறக்கும் நூலகம். ஒரு கோப்பை அனுப்பினால் எங்கே உடையும் என்று வரி எண்ணோடு, எந்த வழியாக அங்கே போகும் என்ற படிநிலையோடு கருவி காட்டுகிறது. யாரோ தானாகத் தேட நாள்கணக்கில் ஆவதை நாமே தயாராகக் கொடுக்க வேண்டுமா? நூலகத்தைத் தங்கள் செயலியில் சேர்த்தவர்கள் புதுப் பதிப்புக்கு மாற நேரம் வேண்டும்.

கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துக் குறை தேடும் சேவை) இதற்கு நல்ல நடுவழி வைத்திருக்கிறது. 2016 டிசம்பரில் ஆரம்பித்த சேவை. கண்டுபிடித்தது முதலில் மெயின்டெய்னருக்கு மட்டும் போகும். 90 நாளில் தானாக வெளியாகிவிடும். திருத்தம் முன்பே வந்துவிட்டால் அதற்கு முன்பே வெளியாகும். கெடுவுக்குள் முடியாது, ஆனால் சீக்கிரம் வந்துவிடும் என்று மெயின்டெய்னர் சொன்னால் 14 நாள் வரை சலுகை. மறைப்பும் இல்லை, அவசரமும் இல்லை. முக்கியமாக, கிடப்பில் போட்டுவிட்டு மறந்துபோக முடியாது.

நிலாமுற்றம்

தேதி குறித்த வெளியீடு என்றால் எனக்குச் சம்மதம். தேதி இல்லாமல் "சரியானதும் வெளியிடுவோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் யாரும் வெளியிடுவதில்லை.

புதுக்கை_மாணவன்

செழியன் அண்ணா, நீங்கள் சொன்ன டன் டிரைவர் விஷயத்தைத் தேடிப் படித்தேன். இப்போது அந்த இரண்டு வாக்கிய விதி ஏன் என்று புரிகிறது. இன்னொரு சந்தேகம். ஏஐயிடம் கோடைக் கொடுத்துக் குறை கண்டுபிடித்து அனுப்பலாமா? அதற்கும் இதே விதிதானா?

வடமராட்சி

இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. இணையத்தில் தரவு அனுப்பிப் பெறும் கருவியான கர்ல் திட்டம் இதில் பட்ட பாடு எல்லோருக்கும் பாடம். அதன் மெயின்டெய்னர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலிருந்தே எழுதி வருகிறார். படிக்க அழகாக, தலைப்பு துணைத்தலைப்போடு அறிக்கை வரும். அதில் சொல்லும் ஃபங்ஷன் அப்படி வேலையே செய்யாது, சில நேரம் அந்த ஃபங்ஷனே இருக்காது. எதிர்க் கேள்வி கேட்டால் இன்னும் நீளமான பதில் வரும். ஒவ்வொன்றையும் பாதுகாப்புக் குழுவில் ஒருவர் உட்கார்ந்து பொய் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கடைசியில் குறை கண்டுபிடிப்பவர்களுக்கான பணப் பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு முடித்துக்கொண்டார்கள்.

அதே கர்லுக்கு 2025 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஏஐ அலசல் கருவிகள் கண்டுபிடித்த நீண்ட பட்டியலை அனுப்பினார். அதிலிருந்து சுமார் 50 திருத்தங்கள் உள்ளே போயின. ஸ்டென்பெர்க் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். இரண்டு தரப்பிலும் ஏஐதான். ஆனால் இரண்டாவதில் விஷயம் தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்பினார்.

லினக்ஸ் கெர்னலும் 2021-ல் இப்படி ஒரு கசப்பைப் பார்த்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஏற்கெனவே ஓர் ஆராய்ச்சிக்காக வேண்டுமென்றே தவறான திருத்தங்கள் அனுப்பப்பட்ட விஷயம் வெளியே வந்திருந்தது. அடுத்து அங்கிருந்து பயனில்லாத திருத்தங்கள் வந்தபோது "புதிதாக எழுதிய ஸ்டாட்டிக் அனலைசர் (கோடை ஓட்டாமல் அலசும் கருவி) கண்டுபிடித்தது" என்று விளக்கம் சொன்னார்கள். கெர்னல் மெயின்டெய்னர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்பையே நிறுத்தினார். அதற்குப் பின் கெர்னல் ஆவணங்களில் ஆராய்ச்சியாளர்களுக்கான வழிகாட்டி சேர்ந்தது. என்ன குறை, ஓடும் கணினியில் அதை எப்படி எட்டலாம், எட்டினால் என்ன ஆகும், எந்தக் கருவியால் கண்டுபிடித்தீர்கள், திருத்தத்தை எப்படிச் சோதித்தீர்கள் என்று எல்லாம் எழுதச் சொல்கிறது. கயல், இதை அப்படியே எடுத்து உங்கள் விதிமுறையில் வையுங்கள். மனிதன், ஸ்டாட்டிக் அனலைசர், ஏஐ என்று மூன்று விதி வேண்டாம். அனுப்புகிறவர் இந்தக் கேள்விகளுக்குத் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தேன்மொழி

யாரும் டோக்கன் பக்கம் போகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தணிக்கைச் சேவையைச் சேர்ப்பது என்றால் நம் பில்டுக்குள் இன்னொருவரை விடுவது. சேவை நம்பகமானதாகவே இருக்கட்டும், வழி திறந்திருக்கிறது இல்லையா?

2021-ல், சோதனைகள் கோடை எவ்வளவு தொடுகின்றன என்று அளக்கும் கோட்கவ் நிறுவனத்தின் பதிவேற்றும் ஸ்கிரிப்ட்டை யாரோ மாற்றிவிட்டார்கள். ஜனவரி 31-லிருந்து ஏப்ரல் 1 வரை யாருக்கும் தெரியவில்லை. அதை ஓட்டிய பில்டுகளின் சூழல் மாறிகள், அதாவது அவற்றில் இருந்த டோக்கன், சாவி எல்லாம் வெளி சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? இறக்கிய ஸ்கிரிப்ட்டின் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்) வெளியிட்ட ஹாஷோடு ஒரு வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை. மற்றவர்கள் எல்லாம் நேரடியாக இறக்கி நேரடியாக ஓட்டினார்கள்.

கோட்ராபிட் என்ற ஏஐ கோட் மதிப்பாய்வுச் சேவையில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2025 ஆகஸ்டில் வெளியிட்டது இன்னும் நேரடியானது. ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ரூபி கோடை அலசும் ரூபோகாப் கருவிக்கான அமைப்புக் கோப்பையும் ஒரு ரூபி கோப்பையும் சேர்த்து அனுப்பினார்கள். சேவை அந்த அமைப்பைப் படித்து, அது சொன்ன ரூபி கோப்பைத் தன் சர்வரிலேயே ஓட்டியது. அங்கிருந்த சாவியால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரெப்போக்களில் எழுதும் அதிகாரம் கிடைத்திருக்கும். தகவல் போனதும் நிறுவனம் உடனே அடைத்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். நமக்கு இதில் பார்க்க வேண்டியது, கேட்கிற அதிகாரத்தை எல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்பது. கோடைப் படிப்பதற்கு எழுதும் உரிமை எதற்கு?

கயல், உங்கள் பில்டில் தணிக்கை வேலையைத் தனியாகப் பிரியுங்கள். வெளியீட்டுச் சாவி இருக்கும் இடத்தில் தணிக்கை ஓட வேண்டாம். ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்த ரெப்போ நகல்) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப் இயல்பாக ரகசியங்களைத் தராது. அதைச் சுற்றிப்போக "டார்கெட்" வகை (ரகசியங்களோடு ஓடும்) நிகழ்வைப் போட்டுவிட்டு, வந்தவருடைய கோடையே அங்கே பில்டு செய்யாதீர்கள். பில்டு என்றாலே அந்தக் கோடை ஓட்டுவதுதான்.

சண்முகம்_சி

தேன்மொழி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுத்தமான அறிக்கை வந்தால் கவரிட்டி தரும் சின்னத்தை ரெப்போவின் முகப்பில் மாட்டலாம், ஆனால் "பாதுகாப்பானது" என்று பக்கத்தில் எழுத வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லை கவரிட்டி அலசிக்கொண்டுதான் இருந்தது. ஹார்ட்பிளீட் என்ற பெரிய குறை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் உள்ளே போய் 2014 ஏப்ரல் 7 வரை அங்கேயே இருந்தது. எதிர்முனை அனுப்பிய இரண்டு பைட்டு நீளத்தை நம்பி அவ்வளவு மெமரியை நகலெடுத்துத் திருப்பி அனுப்பும் கோட் அது. அந்த நீளம் வெளியிலிருந்து வருகிறது என்பதே கருவிக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு நல்ல யோசனை பிடித்தார்கள்: ஓர் எண்ணின் பைட்டு வரிசையை மாற்றினால் அது நெட்வொர்க்கிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், அதை நம்பாதே. அப்படி மாற்றிய பின் அது பிடிபட்டது. கயலின் நூலகத்திலும் கோப்பிலிருந்து நீளத்தை எடுக்கும் இடங்கள் இப்படித்தான் இருக்கும். அந்த இடங்களை மட்டும் கருவி என்ன சொன்னாலும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கயல்_நூலகம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மற்ற இருவரோடும் பேசிவிட்டு வரைவை மாற்றி எழுதியிருக்கிறேன்.

"தணிக்கை வாரத்தில் சில இரவுகள் தனிக் கிளையில் ஓடும். லினக்ஸ் பில்டு ஒன்று, விண்டோஸ் பில்டு ஒன்று, எந்தெந்த அமைப்புகளோடு என்பது கீழே எழுதப்பட்டிருக்கும். டோக்கன் மூன்று மெயின்டெய்னர்களிடம் மட்டும். வெளியீட்டுச் சாவி இருக்கும் இடத்தில் தணிக்கை ஓடாது. புதிய கோடில் வரும் எச்சரிக்கையை இணைக்கும் முன் அல்லது இணைத்த வாரத்துக்குள் எழுதியவரே பார்க்க வேண்டும். பழையவை காத்திருக்கலாம், எண்ணிக்கை இலக்கு எதுவும் இல்லை. எதையும் போலி என்றோ வேண்டுமென்றே செய்தது என்றோ குறிப்பவர் காரணம் எழுத வேண்டும், இன்னொருவர் ஒப்ப வேண்டும். எந்தக் கருவியால் கண்டுபிடித்தாலும் அனுப்புகிறவர் கருவியின் பெயரையும், குறை எப்படி நடக்கும், நடந்தால் என்ன ஆகும், எப்படிச் சோதித்தார் என்பதையும் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். இல்லாதவை படிக்கப்படாமல் மூடப்படும். நினைவகத்தைத் தொடும் குறைகள் 90 நாள் மூடி இருக்கும், பிறகு திருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் வெளியாகும்."

புதிதாக வருபவர்களுக்காக, கோப்பு மூடாதது, மெமரி விடுவிக்காதது போன்ற எச்சரிக்கைகளில் சிலவற்றை நாங்களே எடுத்துப் பொது பக் பட்டியலில் போடுகிறோம். தம்பி, முதலில் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள். இரண்டு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அங்கேயே கேள், நாங்கள் சொல்லித் தருகிறோம்.

நிலாமுற்றம்

இது எனக்குத் திருப்தி. "படிக்கப்படாமல் மூடப்படும்" என்பதற்குப் பக்கத்தில் "விவரம் சேர்த்தால் மீண்டும் திறக்கப்படும்" என்று சேருங்கள். முதல்முறை அனுப்பி மூடப்பட்டவர் திரும்பி வர வழி இருக்க வேண்டும்.

கயல்_நூலகம்

சேர்த்துவிட்டேன்.

இரா_செழியன்

ஒன்று மட்டும் பாக்கி. உங்கள் ரெப்போவுக்குள் ஜிலிப் (சுருக்கிய தரவை விரிக்கும் நூலகம்) நகல் ஒன்று இருக்கிறதே, அதில் வரும் எச்சரிக்கைகள்?

கயல்_நூலகம்

அதை அலசலிலிருந்து விலக்கவில்லை, தனிப் பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். அதில் எங்கள் கையால் எதையும் திருத்தமாட்டோம். உண்மையான குறை என்று தெரிந்தால் ஜிலிப் திட்டத்துக்கு, அவர்கள் கேட்கும் முறையில் எழுதி அனுப்பிவிட்டு, அவர்களுடைய திருத்தம் வந்ததும் நகலைப் புதுப்பிப்போம்.